பஸ்டர் கீட்டன்

பஸ்டர் கீட்டன் (அக்டோபர் 4, 1895 – பெப்ரவரி 1, 1966) ஓர் அமெரிக்க நகைச்சுவை நடிகரும் திரைப்பட இயக்குனரும் ஆவார். ஹாலிவுட்டின் மௌனப்படக் காலத்தில் சார்லி சாப்ளின், ஹரோல்ட் லாய்ட் ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படுபவர். எத்தகைய இடரிலும் முகத்தில் சிரிப்போ கலக்கமோ காட்டாத நடிப்பால் கல்முகக்காரர் என்று பெயர் பெற்றார்.

இளமைக் காலம்

ஜோசப் பிராங்க் கீட்டன் என்பது இவரது இயற்பெயர். கன்சஸ் மாநிலத்தின் பிக்குவா என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் வோட்வில் எனப்படும் கதம்ப மேடை நிகழ்ச்சிகளை நடத்திவந்தனர். சிறு வயதிலேயே இவரும் மேடையேறினார். தந்தை மகனைத் தூக்கி எறிவதே அந்நிகழ்ச்சியின் முதன்மையான வேடிக்கை. அடிபடாமல் விழும் கலையையும், தான் சிரிக்காதபோதே பார்வையாளர் அதிகம் சிரிக்கின்றனர் என்பதையும் அங்கே கற்றார்.

திரைப்படத்துறை

1917-இல் ராஸ்கோ ஆர்பக்கிளின் த புட்சர் பாய் குறும்படத்தில் முதன்முதலாக நடித்தார். 1918-இல் படையில் சேர்ந்து பிரான்சு சென்றபோது செவித்திறன் பாதிக்கப்பட்டது. 1920 முதல் சொந்தப் படங்களை உருவாக்கினார். ஆபத்தான காட்சிகளில் பெரும்பாலும் தாமே நடித்தார். ஷெர்லாக் ஜூனியர் (1924) படப்பிடிப்பில் தொட்டி நீரின் வேகத்தால் கீழே விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்தது. இது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. ஸ்டீம்போட் பில் ஜூனியர் (1928) படத்தில் வீட்டின் முன்சுவர் முழுவதும் இவர்மீது சரிகிறது. இவர் நின்ற இடத்தில் ஒரு சன்னல் திறப்பு அமைந்ததால் உயிர் தப்புகிறார். இக்காட்சியில் உண்மையான சுவரே பயன்படுத்தப்பட்டது.

கோ வெஸ்ட் (1925) மேற்கத்தியப் படங்களைப் பகடி செய்வது. இதில் நண்பர்களற்ற நாயகனுக்கு ஒரு பசுவே துணை. த ஜெனரல் (1926) படத்துக்காக ஓரிகன் மாநிலத்தில் உண்மையான நீராவி எந்திரம் ஒன்று எரியும் பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்த்தப்பட்டது. பெரும்பொருட்செலவில் எடுக்கப்பட்ட இப்படம் அன்று எதிர்பார்த்த வருவாயை ஈட்டவில்லை.

வீழ்ச்சியும் மறுமலர்ச்சியும்

1928-இல் எம்ஜிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். இதுவே தம் வாழ்வின் பெருந்தவறு என்று பிற்காலத்தில் கருதினார். அங்கு படமாக்கத்தில் இவருக்கிருந்த உரிமை பறிபோனது. பேசும் படங்கள் வசூலித்தபோதும், குடிப்பழக்கமும் மணமுறிவும் சேர்ந்து இவரை நிலைகுலையச் செய்தன. 1933-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் அதே நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்குப் பிறர் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதினார். 1940-இல் எலினோர் நோரிசை மணந்தபின் வாழ்க்கை சீரடைந்தது.

1949-இல் லைஃப் இதழில் ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை இவர்மீது மீண்டும் கவனத்தைத் திருப்பியது. இவரது பழைய வீட்டை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கு கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். 1960-இல் கௌரவ ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. 1966-இல் கலிபோர்னியாவில் காலமானார்.

இன்றைய பார்வை

த ஜெனரல் 1989-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. எனினும் இன்றைய பார்வையாளருக்கு இவரது படங்களில் உறுத்தும் கூறுகளும் உண்டு. த ஜெனரல் 1862-இல் வடக்குப் படையினர் தொடர்வண்டி எந்திரம் ஒன்றைக் கடத்திய உண்மை நிகழ்வைத் தழுவியது. ஆனால் கதை தெற்கத்திய நாயகனின் பக்கம் நின்று சொல்லப்படுகிறது. தோற்றவர்களை வில்லன்களாக்கினால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று கீட்டன் எண்ணினார். போருக்கு அடிப்படையான அடிமை முறை படத்தில் பேசப்படுவதில்லை. காலேஜ் (1927) படத்தில் இவர் முகத்தில் கருமை பூசிக் கறுப்பினப் பணியாளராக நடித்தது இன்று இழிவாகவே கருதப்படுகிறது. த பேல்ஃபேஸ் (1922) படத்தில் செவ்விந்தியத் தலைவராக வெள்ளையரே நடித்துள்ளார். ஆயினும் அவர்களது நிலத்தை ஏமாற்றிப் பறிக்கும் எண்ணெய் வணிகர்களே அக்கதையின் தீயவர்கள்.