கோவைத் தேர்த்தச்சர் கரிவர்தன்

சல்லிக் கரையிலிருந்து தெற்கே வந்து, திருகோணமலை நகரைக் கடந்து, துறைமுகத்தின் உட்கரையை வளைந்து செல்பவர்கள் சீனன்குடா விமானத் தளத்தை அடைவார்கள். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த தளம் அது. அந்த யுத்தம் நம் தீவிலும் பாரதத்திலும் இங்கிலாந்திலும் எத்தனையோ ஓடுபாதைகளை விட்டுச் சென்றது. யுத்தம் ஓய்ந்தது, போர் விமானங்கள் அகன்றன, ஆளரவமற்றுக் கிடந்த பாதைகள் சிலவற்றில் வேறோர் இரைச்சல் எழுந்தது. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தைத் தளத்திலே மோட்டார்ப் பந்தயம் நடந்தது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன் தளம் 1950-இல் உலகப் பந்தயத் தொடரின் முதற் போட்டியையே கண்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் அவ்வாறே யுத்தகால ஓடுபாதை பந்தயக் களமாயிற்று.

சோழவரத்துப் பந்தயங்களை நடத்தியது 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம். இலங்கைச் சாரதிகளும் பாக்கு நீரிணையைக் கடந்து சென்று அங்கே தம் திறனைக் காட்டியதுண்டு. அந்தக் களத்தில் தாமும் கார் ஓட்டியவர், ஆனால் ஓட்டியதைக் காட்டிலும் ஆக்கியதனால் பெயர் பெற்றவர் ஒருவர் இருந்தார். அவரே கோயம்புத்தூர்த் தொழிலதிபர் சுந்தரம் கரிவர்தன். கரி என்னும் ஈரெழுத்துப் பெயரால் விளையாட்டு உலகம் அவரை அறியும். தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர், செல்வர்க்கே உரியது என்று எண்ணப்பட்ட ஒரு விளையாட்டை நடுத்தரக் குடும்பத்து இளைஞனும் எட்டிப் பார்க்கக் கூடியதாக எவ்வாறு மாற்றினார் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

கரிவர்தன் 1954-ஆம் ஆண்டில், பெயர்பெற்ற இலட்சுமி மில் குடும்பத்தில் பிறந்தார். 1910-இல் குப்புசாமி நாயுடு தொடங்கிய நிறுவனம் இலட்சுமி மில். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குச் செல்வம் பிறப்பிலேயே வாய்த்தது. ஆயினும் அவருக்கு வாய்த்த பெருஞ்செல்வம் கோவை நகரமே என்று சொல்லத் தோன்றுகிறது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கே நூற்பாலை நிறுவினார். 1930-களில் பைக்காரா அருவியின் மின்சாரம் வந்து சேர்ந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை பெருகினால் அதன் பொறிகளைப் பழுது பார்ப்போர் வேண்டும்; பழுது பார்ப்போர் கைதேர்ந்தால் உதிரிப் பாகங்களை வார்க்கத் தொடங்குவர்; வார்க்கத் தெரிந்தவர்கள் ஒருநாள் முழுப் பொறியையும் செய்து பார்க்கத் துணிவர். கோவை இந்தப் படிகளில்தான் ஏறியது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, பிற்காலத்தில் மின்மோட்டார் முதல் சவரக் கத்தி வரை செய்து காட்டினார். 1962-இல் நூற்பு இயந்திரங்களையே ஆக்கும் இலட்சுமி இயந்திரத் தொழிற்சாலை எழுந்தது. பட்டறையும் வார்ப்பு உலையும் கடைசல் இயந்திரமும் தெருவுக்குத் தெரு உள்ள அத்தகைய நகரில் வளர்ந்தவருக்கு, வெளிநாட்டார் செய்வதை நாம் செய்தால் என்ன என்னும் கேள்வி இயல்பாகவே பிறந்திருக்கும்.

கொங்கு நாட்டார் வேகத்தின் சுவையை அறியாதவர் அல்லர். ரேக்ளா வண்டியில் இளங்காளைகளைப் பூட்டி, புழுதி பறக்க ஓட்டிப் பார்ப்பது அந்த மண்ணின் பழைய விளையாட்டு. அதில் ஒரு சிறப்பு உண்டு. வண்டியை ஊர்த் தச்சர் செய்வார். காளை தொழுவத்திலே வளரும். ஓட்டுபவன் உழவன் மகன். விளையாட்டுக்கு வேண்டிய கருவி அனைத்தும் அந்த ஊரிலேயே பிறக்கும். மோட்டார்ப் பந்தயத்தின் நிலையோ இதற்கு நேர்மாறு.

சுதந்திரம் பெற்ற பாரதத்தில் நெடுங்காலம் சாலையில் ஓடியவை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் என்னும் மூன்று வகைக் கார்களே எனலாம். பந்தயத்துக்கென்றே படைக்கப்பட்ட கார் வேண்டுமாயின் கடல் கடந்துதான் வர வேண்டும். அதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும். காரின் விலைக்கு மேல் சுங்கத் தீர்வையும் இறுக்க வேண்டும். ஆகவே சமஸ்தானத்து அரசர்களும் ஆலை முதலாளிகளும் அயல்நாட்டுக் கார்களில் வந்து ஓடினார்கள். ஏனையோர் வீட்டுக் காரையே கழற்றிப் பூட்டி, வேண்டாத பாரங்களை நீக்கிக் களத்துக்குக் கொண்டு வந்தார்கள். கூட்டம் கூடியது, ஆரவாரம் எழுந்தது. ஆயினும் வென்றவன் சாரதியா, அவனுடைய பணப்பையா என்னும் ஐயம் எஞ்சியே நின்றது.

இவ்விடத்தில் நம் இலக்கியம் அறிந்த ஒரு தேரோட்டம் நினைவுக்கு வருகிறது. நாடிழந்து, உருவிழந்து, வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னனிடம் தேர்ப்பாகனாய் இருந்தான் நளன். விதர்ப்ப நாட்டுக்குத் தேரைச் செலுத்துகையில், மன்னனின் மேலாடை நழுவி வீழ்ந்தது. அதை எடுக்கச் சொல்ல அவன் வாய் திறப்பதற்குள் தேர் நெடுந்தூரம் கடந்துவிட்டது. முடியும் குடையும் போன பின்னரும் நளனிடம் எஞ்சி நின்றது அந்தக் கைத்திறன் ஒன்றே. அவனை இன்னான் என்று தமயந்திக்குக் குறிப்பால் உணர்த்தியவற்றுள் தேரொலியும் ஒன்று. செல்வத்தை அகற்றிவிட்டுப் பார்த்தால்தான் சாரதி யார் என்பது தெரியும். கரிவர்தன் தம் பட்டறையில் செய்த வேலையின் உட்பொருளும் இதுவே.

அவருக்கு வழி திறந்து விட்டது ஒரு சிறு கார். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. மூன்று உருளைகளும் 796 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் கொண்ட சின்னஞ்சிறு இயந்திரம் அதற்கு. குடும்பத்தோடு கோயிலுக்கும் கடைக்கும் போய்வர அமைந்த அந்த இயந்திரத்தில் பந்தயத்தை நினைத்துப் பார்ப்பவர் அரியர். கரிவர்தனுக்கோ அது நாடெங்கும் கிடைக்கும் பொருளாக, ஊர்தோறும் பழுது பார்க்கத் தெரிந்த பொருளாகத் தோன்றியது. எண்பதுகளின் பிற்பகுதியில் அந்த இயந்திரத்தையே நெஞ்சாகக் கொண்ட பந்தயக் கார்களை அவர் வடிவமைத்து, கோவையிலேயே ஆக்கினார். பார்முலா மாருதி என்று பெயர் பெற்ற வகுப்பு அதுவே.

அந்தக் காரின் அமைப்பைச் சற்று நோக்குவோம். சாரதி ஒருவனுக்கே அதில் இடமுண்டு. கூரை இல்லை; சக்கரங்கள் நான்கும் உடலுக்கு வெளியே திறந்து நிற்கும். வீட்டுக் காரில் முன்னே இருந்து முன்சக்கரங்களைச் சுழற்றும் இயந்திரம், இதில் சாரதியின் முதுகுக்குப் பின்னே போய்ப் பின்சக்கரங்களைச் சுழற்றும். பாரம் குறைவதால் சிறிய இயந்திரமும் பெரிய வேகத்தைத் தரும். உலகப் பந்தயங்களில் ஓடும் கார்களுக்கும் இதற்கும் விலையிலும் விசையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் உண்டு. ஆனால் வளைவில் எங்கே வேகத்தைத் தணிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது, எந்தக் கணத்தில் மீண்டும் முடுக்குவது என்னும் பாடம் இரண்டுக்கும் ஒன்றே. அரிச்சுவடி கற்காமல் காவியம் படிக்க முடியாது. பாரதத்து மோட்டார்ப் பந்தயத்துக்கு அதுவரை இல்லாதிருந்த அரிச்சுவடியைக் கரிவர்தன் எழுதினார்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. களத்தில் நிற்கும் கார்கள் அனைத்துக்கும் இயந்திரம் ஒன்றே. அரசகுமாரனின் காருக்கும் ஆசிரியர் மகனின் காருக்கும் வேற்றுமை இல்லை. முந்துபவன் தன் கண்ணாலும் கையாலும் நெஞ்சுரத்தாலும் முந்த வேண்டும். இதனால் பந்தயம் செலவில்லாத விளையாட்டு ஆகிவிட்டது என்று கூறினால் அது பொய்யாகும். சக்கரத்துக்கும் பெற்றோலுக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டியே இருந்தது. ஆனால் எட்டாக் கனியாக இருந்தது, ஏணி வைத்தால் எட்டும் கனியாயிற்று. ஏணியைச் செய்து சாத்தியவர் அக்கனியை முன்னரே சுவைத்துவிட்ட ஒரு செல்வர் என்பதே இவ்வரலாற்றின் வியப்பு. அயல்நாட்டுக் காரில் வந்து கோப்பைகளை வாரிச் செல்லும் வழி அவருக்கு எப்போதும் திறந்தே இருந்தது. போட்டியாளர்களை உண்டாக்கும் வழியை அவர் தேர்ந்துகொண்டார்.

ஏணி இருந்தால் ஏறுவதற்குக் களமும் வேண்டும். 1990-ஆம் ஆண்டு வாக்கில் சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட வளைவுப் பாதை திறக்கப்பட்டது. சோழவரத்து ஓடுபாதையின் காலம் முடிந்தது. புதிய பாதையில் கரிவர்தன் வகுத்த சிறு கார்கள் ஓடின. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் என்னும் பதினாறு வயது இளைஞன் 1993-இல் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது அங்கேதான். ஓட்டியது பார்முலா மாருதி. முதற் போட்டியிலேயே முதல் மூவருள் ஒருவனாக வந்தான் அவன். அவனுடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயனும் நெடுந்தூரக் கார் ஓட்டப் போட்டிகளில் வென்றவர். குடும்பத்து ஆர்வமும் ஊர்ப் பட்டறையின் காரும் ஒன்று சேர்ந்தபோது ஒரு சாரதி உருவானான்.

அந்தச் சாரதி எவ்வளவு தூரம் செல்வான் என்பதைக் காணும் பேறு கரிவர்தனுக்குக் கிட்டவில்லை. 1995-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு விமான விபத்து அவர் உயிரைப் பறித்தது.  நிலத்தில் ஓடும் ஊர்திகளோடு வானில் பறக்கும் ஊர்திகளிடத்தும் வேட்கை கொண்டிருந்தவர் அவர். ஆலைக்கு உழைக்கவும் புதிய கார்களை வகுக்கவும் அடுத்த தலைமுறையைப் பழக்கவும் இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்திருக்க வேண்டியவர். வேகத்தை நேசிப்பவர் அதற்குச் செலுத்தும் விலை சில வேளைகளில் இவ்வளவு கொடிதாகவும் அமைந்துவிடுகிறது.

பத்தாண்டுகள் சென்றன. 2005-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில், உலகின் மிக உயர்ந்த பந்தய வகுப்பாகிய பார்முலா ஒன்றில் முதன்முதலாக ஓர் இந்தியர் ஓடினார். ஜோர்டான் அணியின் காரில் அமர்ந்திருந்த அந்த மனிதர் நரேன் கார்த்திகேயனே. அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் களத்தில் அவர் நான்காவதாக வந்தார். சக்கரப் பட்டைக் கோளாற்றால் பல அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடிய விசித்திரமான பந்தயம் அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆறில் ஒருவனாக நிற்பதற்கும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கே கொண்டு சேர்த்த நெடும்பாதையின் முதற் கல் கோவைப் பட்டறையில் நடப்பட்டது.

மோட்டார்ப் பந்தயம் ஏழை நாட்டுக்கு ஏற்ற விளையாட்டா என்று நம்முள் சிலர் கேட்பதுண்டு. பெற்றோலை எரித்து, உயிரைப் பணயம் வைத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதில் யாருக்கு என்ன பயன்? நியாயமான கேள்விதான். கரிவர்தனின் வாழ்க்கை அதற்கு முழு விடை தருவதாகக் கூற முடியாது. ஆனால் ஆடம்பரத்திலும் இருவகை உண்டு என்பதை அது காட்டுகிறது. வாங்கி வைத்து மகிழும் ஆடம்பரம் வைத்திருப்பவரோடு முடிந்துவிடும். செய்து பழகும் ஆடம்பரம் பிறருக்குக் கைத்தொழிலைக் கற்பிக்கும். சட்டத்தைப் பற்றவைக்கும் தொழிலாளிக்கும், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் கைவினைஞருக்கும், காற்றின் எதிர்ப்பைக் கணக்கிடும் மாணவனுக்கும் அந்தச் சிறு கார் ஒரு பள்ளிக்கூடம். செல்வர் ஒருவர் தம் விருப்பத்துக்காகச் செலவிட்ட பொருள், ஊரின் அறிவாக மாறி நின்றது.

கோவைக்கு அண்மையில் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீற்றர் நீளமுள்ள பந்தயப் பாதை ஒன்று 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்குக் கரியின் பெயரையே சூட்டினார்கள். மறைந்த பெரியோருக்குச் சிலை வைப்பதும் படம் திறப்பதும் நம் வழக்கம். சிலை பேசாது, படம் அசையாது. செட்டிபாளையத்துப் பாதையில் முதன்முறையாகத் தனியிருக்கைக் காரில் ஏறி அமரும் இளைஞன், கரிவர்தன் யார் என்று அறியாமலே கூட இருக்கலாம். முதல் வளைவுக்கு முன்னே அச்சத்தோடு வேகத்தைத் தணித்து, இரண்டாம் சுற்றில் சற்றே துணிந்து, மூன்றாம் சுற்றில் அவ்வளைவைத் தன்வசமாக்கும் போது, அவர் வகுத்துச் சென்ற பாடத்தைத்தான் அவன் படிக்கின்றான்.