டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு இவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இவர் யாருன்னு கேட்டா எங்க ஊர்ல நிறையப் பேருக்குத் தெரியலை. அதனால்தான் எழுதுகிறேன்.

இவர் 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பெண் பிள்ளை பெரியவளானால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்கள். இவர் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார். கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று பலர் எதிர்த்தார்கள். மன்னர் சம்மதித்ததால் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912இல் டாக்டரானார். 1927இல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அந்தச் சட்டம் 1947இல் வந்தது. ஆதரவில்லாத பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

இவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை இவருக்கு இருந்துகொண்டே இருந்தது. பல வருடம் பாடுபட்டு, நிதி திரட்டி, 1954இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். முதலில் 12 படுக்கைதான். 1950களிலேயே அங்கே கோபால்ட்-60 கதிர்வீச்சு மெஷின் வந்துவிட்டது.

கதிர்வீச்சை எங்க ஊர்ல கரண்ட் வைக்கிறதுன்னு சொல்லுவாங்க. எங்க அமுச்சி மார்பில் வந்த கட்டியை வெட்கப்பட்டு ஆறு மாசம் யாரிடமும் சொல்லலை. அப்புறம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கணும்னு சொன்னபோது, உடம்பு கருகிப்போகும்னு அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினாங்க. அமுச்சி போகவே மாட்டேன்னு அழுதாங்க.

ஆனால் கதிரைக் குத்துமதிப்பாக வைப்பதில்லை. குறைந்தால் கட்டி சாகாது. கூடினால் பக்கத்து உறுப்பு கெட்டுப்போகும். அதனால் முதலில் தண்ணீர்த் தொட்டியில் கருவி வைத்து அளப்பார்கள். இன்னொரு முறையையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். நுங்கு மாதிரி இருக்கும் ஜெல்லைப் பாட்டிலில் ஊற்றி அதன்மேல் கதிரைச் செலுத்துவார்கள். கதிர் பட்ட இடத்தில் சின்னச் சின்ன மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பாலிமர் ஆகிவிடும். அந்த இடம் வெள்ளையாகும், அடர்த்தியும் கொஞ்சம் கூடும். கதிர் அதிகமானால் அடர்த்தியும் அதிகமாகும். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தால் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் தெரியும். வித்தியாசம் ரொம்பச் சின்னது என்பதால் பல தடவை ஸ்கேன் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். இதை எங்கள் அறிவியல் டீச்சர் விளக்கியபோது எனக்கு அதிசயமாக இருந்தது. மனுஷங்க உடம்புக்கு முன்னாடி ஜெல் பரீட்சை எழுதுது!

அளந்து வைப்பதை நான் வீட்டில் சொன்னேன். அமுச்சி கொஞ்சம் தைரியமாகி, வாரத்துக்கு அஞ்சு நாள் பஸ்ஸில் போய் முழுசா முடிச்சாங்க.

முத்துலட்சுமி ரெட்டி 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22இல் காலமானார். ஒரு பெண்ணைப் படிக்க விட்டதால் எத்தனை உயிர் பிழைத்தது பாருங்கள்! தோழிகளே, படிப்பை நிறுத்தச் சொன்னால் இவர் கதையை வீட்டில் சொல்லுங்கள். உங்க அம்மா, அமுச்சி, அத்தை யாருக்காவது கட்டி இருந்தா மறைக்காம டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி