2 நோபல் பரிசு வாங்கியவர்... வைட்டமின் சி-யில் சறுக்கியது எங்கே? லைனஸ் பாலிங்கின் கதை

லேசா சளி பிடிச்சாலே வைட்டமின் சி மாத்திரை தேடும் பழக்கம் இன்று உலகம் முழுக்க இருக்கு. இதைப் பரப்பியதில் பெரும் பங்கு ஒருவருக்கு உண்டு. அவர் மருத்துவர் இல்லை, வேதியியலாளர். பெயர் லைனஸ் பாலிங்.

யார் இவர்?

1901-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் பிறந்தார். அப்பா மருந்துக்கடைக்காரர். பாலிங்குக்கு 9 வயசு இருக்கும்போதே அவர் இறந்துவிட, குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. வேலை பார்த்துக்கொண்டே கல்லூரி முடித்த பாலிங், 1925-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைகின்றன என்ற ஆய்வுக்காக 1954-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அணுகுண்டு சோதனைகளை எதிர்த்து 11,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கி ஐ.நா.விடம் கொடுத்தார். 1962-ம் ஆண்டுக்கான அமைதி நோபலும் அவருக்கே. யாருடனும் பங்கு போடாமல் 2 நோபல் பெற்றவர் இன்றுவரை இவர் மட்டும்தான்.

வைட்டமின் சி உள்ளே வந்தது எப்படி?

1966-ல் இர்வின் ஸ்டோன் என்ற உயிர்வேதியியலாளர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் 3 கிராம் வைட்டமின் சி எடுத்தால் நீண்ட காலம் வாழலாம் என்பதுதான் விஷயம். பாலிங்கும் மனைவி ஏவா ஹெலனும் அதைப் பின்பற்ற, சளி வருவது குறைந்ததாக பாலிங் உணர்ந்தார். 1970-ல் இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளியாக, மாத்திரை விற்பனை எகிறியது.

பின்னாளில் அவர் தினமும் எடுத்தது 18,000 மில்லி கிராம். ஆண்களுக்கு அமெரிக்காவில் இப்போது பரிந்துரைக்கப்படும் அளவு வெறும் 90 மில்லி கிராம். அதாவது 200 மடங்கு!

புற்றுநோய் ஆய்வில் நடந்தது என்ன?

ஸ்காட்லாந்து மருத்துவர் இவான் கேமரூனுடன் சேர்ந்து 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வைட்டமின் சி எடுத்த 100 நோயாளிகள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றது அது. ஆனால் ஒப்பிட்டது பழைய நோயாளிகள் 1,000 பேரின் பதிவேடுகளோடு. இரண்டு தரப்பும் ஒரே நிலையில் இருந்தார்களா என்ற கேள்வி எழுந்தது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக், யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாதபடி சோதித்தது. 1979-ல் பலன் இல்லை என முடிவு வந்தது. அந்த நோயாளிகள் பலரும் ஏற்கனவே கீமோதெரபி எடுத்தவர்கள் என்று பாலிங் மறுத்தார். அது நியாயமான கேள்விதான். அதனால் கீமோ எடுக்காதவர்களை வைத்து மறுபடி சோதித்தார்கள். 1985-லும் அதே முடிவு. அப்பவும் பாலிங் ஏற்கவில்லை.

இதற்கிடையே 1981-ல் ஏவா ஹெலன் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். 1994 ஆகஸ்ட் 19-ல் பாலிங்கும் புராஸ்டேட் புற்றுநோயால் காலமானார். அப்போது வயசு 93. இதை வைத்து மாத்திரையால் நோய் வந்தது என்றோ, நீண்ட ஆயுள் கிடைத்தது என்றோ சொல்ல முடியாது. ஒருவர் வாழ்க்கை ஆதாரம் ஆகாது.

மற்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரைகள்?

செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களைத் தடுப்பவைதான் ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பாலிங் இறந்த அதே 1994-ல், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகம்! வைட்டமின் இ எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17% அதிகம் என்று 2011-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. கிருமிகளைக் கொல்ல உடலே ஃப்ரீ ராடிக்கல்களைப் பயன்படுத்துது. அதனால் மொத்தமா தடுப்பதும் நல்லதில்லை.

அப்போ சளிக்கு?

தினமும் வைட்டமின் சி எடுத்தாலும் பெரும்பாலானோருக்கு சளி வருவது குறையலை. வந்த சளி நீடிக்கும் நாள் பெரியவர்களுக்கு சுமார் 8% குறையுது, அவ்வளவுதான். சளி பிடிச்ச பிறகு மாத்திரை போட்டால் அந்தப் பலனும் உறுதியில்லை. மாரத்தான் ஓடுபவர்கள் போல கடும் உழைப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் சளி வருவதே பாதியாகக் குறைஞ்சது.

நாளுக்கு 2,000 மில்லி கிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம், சிலருக்கு கிட்னியில் கல் சேரும் ஆபத்தும் உண்டு. தினசரி தேவைக்கு ஒரு கொய்யாப்பழமே போதும். குறைபாடு இருந்தால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுங்க. பாலிங்கின் கதை சொல்வது இதைத்தான்: எவ்வளவு பெரிய மேதை சொன்னாலும், சோதனையில் தேறினால்தான் அது மருந்து.