அருளும் விருப்புரிமையும்: அகுஸ்தினாரின் வாழ்வு

இன்று அல்ஜீரியாவில் உள்ள சூக் அஹ்ராஸ் நகர், உரோமையர் காலத்தில் தகாஸ்தே எனப்பட்டது. அங்கே கி.பி. 354இல் பிறந்தார் அகுஸ்தினார். தாய் மோனிக்கா கிறித்தவர்; தந்தை பத்ரீசியுஸ் வாழ்வின் இறுதியிலேயே திருமுழுக்குப் பெற்றார்.

பதினாறாம் வயதில் அகுஸ்தினார் நண்பர்களுடன் அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசியால் அன்று, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கே எறிந்தனர். பயன் கருதாத அத்தீமையின் வேர் எது என்னும் வினா பின்னாளிலும் அவரை விடவில்லை. ஒன்பது ஆண்டுகள் மனிக்கேயரிடம் விடை தேடினார். தீமையும் தனியொரு பொருள் என்னும் அவர்தம் விளக்கம் நிறைவளிக்கவில்லை. மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் மறையுரைகள் அவர் அறிவைத் தெளிவித்தன. உள்ளமோ பழைய வழக்கங்களை விட மறுத்தது. நல்லதென அறிந்தும் அதனை முழுமையாக விரும்ப இயலாத அந்நிலையே அவர்தம் கொள்கைக்கு அடித்தளமாயிற்று. 387இல் திருமுழுக்குப் பெற்றார். சில ஆண்டுகளில் ஹிப்போவின் ஆயரானார்.

பிரித்தானியத் துறவி பெலாஜியுஸ், மனிதன் பாவமின்றி வாழ இயலும் என்றார். இயலாததைக் கடவுள் கட்டளையிடார் என்பது அவர் வாதம். ஆதாமின் பாவம் மாந்தர் அனைவரையும் பற்றியது. அருள் முந்தி வந்து விருப்பத்தைக் குணப்படுத்தினாலன்றி நன்மை கைகூடாது என மறுத்தார் அகுஸ்தினார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது.

எனினும் வினாக்கள் ஓயவில்லை. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளும் தண்டனைக்குரியரே என்னும் முடிவுக்கு அக்கொள்கை அவரை இட்டுச் சென்றது. அத்தண்டனை மிக மென்மையானது எனத் தணித்துரைத்தார். இது கடவுளின் நீதிக்கே இழுக்கு என எக்லானம் ஆயர் யூலியானுஸ் சாடினார். ஆதாமுக்குள் அனைவரும் பாவம் செய்தனர் என்னும் கருத்துக்கு அகுஸ்தினார் சான்றாகக் கொண்டது, உரோமையர் திருமுகத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலமோ, அனைவரும் பாவம் செய்தமையால் என்றே பெரிதும் பொருள்கொள்ளப்படுகிறது. கீழைத் திருச்சபை பரம்பரைக் குற்றம் என்பதை ஏற்கவில்லை.

அனைத்தும் அருளின் செயலெனில் மனித விருப்பத்துக்கு இடமேது என்னும் ஐயம் ஹத்ருமேத்தும் மடத்துத் துறவியரிடையே எழுந்தது. அருள் விருப்பத்தை அழிப்பதன்று, விடுவிப்பது என முதுமையில் அவர்களுக்கு விடையெழுதினார். 1525இல் இதே சிக்கலில் எராஸ்முஸை எதிர்த்து எழுதிய லூத்தரும், அகுஸ்தினார் பெயர் தாங்கிய துறவுச் சபையில் பயின்றவரே.

430இல் வண்டலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தனர். நோயுற்ற அகுஸ்தினார், மனம்வருந்தும் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் ஒட்டச் செய்து, கண்ணீருடன் வாசித்துவந்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் மறைந்தார். அருளைப் பிறர்க்கு எடுத்துரைத்தவர், இறுதிவரை அதனை இரப்பவராகவே வாழ்ந்தார்.