தலைக்கவசத்தின் பயனை ஆய்ந்துரைத்த மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ்

திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டிக்கோ வேடசந்தூருக்கோ இருசக்கர வாகனத்தில் புறப்படும்போது, பழகிய சாலைதானே என்று தலைக்கவசத்தை வீட்டிலேயே விட்டுச் செல்கிறீர்களா? அத்தகைய சிறு பயணம் ஒன்றில் அடிபட்டவரைக் காப்பாற்ற இயலாமற்போன மருத்துவர்களுள் ஒருவரே ஹியூ கெய்ர்ன்ஸ். அவருடைய வாழ்க்கை உங்கள் பாதுகாப்போடு தொடர்புடையது.

இளமையும் கல்வியும்

கெய்ர்ன்ஸ் 1896-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரி நகரில் பிறந்தார். அடிலெய்டிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற பின், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை மருத்துவம் கற்றார். 1937-இல் ஆக்ஸ்போர்டில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார்.

திருப்பமாக அமைந்த விபத்து

1935 மே 13 அன்று, புகழ்பெற்ற எழுத்தாளரும் படைவீரருமான டி. இ. லாரன்ஸ் அருகிலிருந்த முகாமில் தந்தி அனுப்பிவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினார். மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க விலகியபோது தூக்கியெறியப்பட்டார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள்கள் நினைவின்றிக் கிடந்து, 46-ஆம் வயதில் இறந்தார். அவரைப் பரிசோதிக்க வரவழைக்கப்பட்டவர்களுள் கெய்ர்ன்ஸும் இருந்தார்.

மோதிய நொடியிலேயே சிதைந்த மூளைத் திசுவை எந்த அறுவை சிகிச்சையாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. ஆகவே காயத்தைத் தடுப்பதே முதன்மையானது.

ஆய்வும் அதன் பயனும்

இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டன் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2,279 பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய 21 மாதங்களில் இறந்தோர் 1,884 பேர். 1941-இல் கெய்ர்ன்ஸ் இதனை வெளியிட்டு, தலைக்கவசம் அணிந்தவர்களின் மூளைக்காயம் இலேசாக இருந்ததையும் எடுத்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. கெய்ர்ன்ஸ் 1952-இல் காலமானார். பிரிட்டனில் பொதுமக்களுக்கும் அது கட்டாயமானது 1973-இல்தான்.

நீங்கள் அறிய வேண்டியவை

தலைக்கவசத்தின் கடினமான மேலோடு மோதலின் விசையைப் பரப்புகிறது. உள்ளிருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கி, அவ்விசையின் பெரும்பகுதியைத் தானே ஏற்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியதில், தலைக்கவசம் தலைக்காயத்தின் வாய்ப்பைச் சுமார் 69 விழுக்காடும், இறப்பின் வாய்ப்பைச் சுமார் 42 விழுக்காடும் குறைப்பது தெரியவந்தது. முழுப் பாதுகாப்பு அன்று. எனினும் இதற்கு ஈடாக வேறொன்றில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தலைக்குப் பொருந்தும் கவசத்தைத் தேர்ந்தெடுங்கள். தாடைப்பட்டையைப் பூட்டுங்கள், பூட்டாத கவசம் மோதும்போதே கழன்றுவிடும். பின்னால் அமர்பவரும் அணிய வேண்டும். ஒருமுறை பலமாக மோதிய கவசத்தை மாற்றிவிடுங்கள்.

விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். கவசம் அணிந்திருந்தாலும், தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, மிகுந்த உறக்கம், குழப்பம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.