மேரி மாலன்: நோயறியாத நோயாளி

மன்னரும் மாவீரரும் அறிஞரும் வரலாற்றில் இடம்பெறுவது இயல்பு. வரலாற்றில் இடம்பெற வேண்டும் என்று கனவிலும் எண்ணாத சமையற்காரப் பெண் ஒருவரும் மருத்துவ வரலாற்றில் நீங்காத இடம் பெற்றிருக்கிறார். அப்புகழ் அவர் விரும்பியதன்று. அவரை வாட்டி வதைத்த புகழ் அது. 'டைபாய்டு மேரி' என்று உலகம் அழைக்கும் மேரி மாலன் அம்மையாரின் வாழ்க்கையைச் சமைப்போரும் உண்போரும் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் நலம்.

அயர்லாந்து நாட்டில், டைரோன் மாவட்டத்துக் குக்ஸ்டவுன் என்னும் ஊரில் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் மேரி பிறந்தார். வறுமை வாட்டிய நாடு அது. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஆயிரக்கணக்கானோருள் ஒருவராக, பதினைந்து வயதளவில் அமெரிக்கா சென்றார். வீட்டு வேலைகளில் தொடங்கி, தம் கைத்திறத்தால் செல்வர் இல்லங்களில் சமையற்பணிக்கு உயர்ந்தார். உற்றார் துணையற்ற ஏழைப் பெண்ணுக்கு அக்காலத்தில் அதைவிட நல்ல ஊதியமும் மதிப்பும் தரும் தொழில் அரிது. அவர் செய்யும் பீச்சுப்பழ ஐஸ்கிரீமுக்குத் தனிப்பெயர் இருந்தது.

1906-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பே என்னும் கடற்கரை ஊரில் சார்லஸ் வாரன் என்னும் வங்கியாளர் குடும்பத்துடன் தங்கியிருந்தார். அவ்வீட்டிலிருந்த பதினொருவரில் அறுவர் டைபாய்டுக் காய்ச்சலால் படுத்தனர். அசுத்தம் சூழ்ந்த ஏழைகளின் நோய் என்று கருதப்பட்ட காய்ச்சல் மாளிகைக்குள் எவ்வாறு நுழைந்தது? வீட்டின் உரிமையாளர் காரணத்தைக் கண்டறிய ஜார்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியியலாளரை அமர்த்தினார். கிணற்று நீரும் பாலும் சிப்பி உணவும் ஐயத்திலிருந்து நீங்கின. எஞ்சியவர், நோய் தோன்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன் வேலைக்கு வந்து, பின்னர் விலகிச் சென்ற சமையற்காரி ஒருவரே.

சோப்பர் அவர் பணியாற்றிய இல்லங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். எட்டுக் குடும்பங்களில் ஏழில் டைபாய்டு தோன்றியிருந்தது. இருபத்திருவர் நோயுற்றனர், ஓர் இளம்பெண் மாண்டார். அச்சமையற்காரியோ ஒருநாளும் காய்ச்சலில் படுத்ததாகத் தெரியவில்லை. கட்டுடல் வாய்ந்த பெண்மணி.

இங்கே சிறிது அறிவியலும் அறிதல் வேண்டும். சால்மோனெல்லா என்னும் பெயர் டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் நினைவாக இடப்பட்டது. அக்கிருமிக் குடும்பத்தில் முட்டை, இறைச்சி வழியே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வகைகள் பல. டைபாய்டுக் கிருமியோ மனிதரிடம் மட்டுமே வாழ்வது. நோயுற்றவரின் மலத்தில் வெளிப்பட்டு, நீர், உணவு, கழுவாத கை ஆகியவற்றின் வழியே அடுத்தவர் வயிற்றை அடைகிறது. தகுந்த மருத்துவம் பெறாதவர்களுள் நூற்றுக்கு இருவர் முதல் ஐவர் வரை, காய்ச்சல் நீங்கிய பின்னும் பித்தப்பையில் அதைச் சுமந்து திரிவர். அவர்களுக்கு வலியில்லை, சோர்வில்லை. நன்கு கொதித்த உணவில் கிருமி மடியும். ஆயின் கையால் நறுக்கிய பச்சைப் பழமும் குளிர்ந்த பாலும் சேர்ந்த ஐஸ்கிரீமில் அதைக் கொல்லும் நெருப்பு ஏது?

1907-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பார்க் அவென்யூவில் ஓர் இல்லத்துச் சமையலறையில் மேரியைச் சோப்பர் கண்டார். நோயைப் பரப்புகிறீர்கள் என்று கூறி, மலமும் சிறுநீரும் இரத்தமும் சோதனைக்குக் கேட்டார். முன்பின் அறியாத ஆடவர் ஒருவர் அடுக்களையில் வந்து நின்று இவ்வாறு கேட்டால் எந்தப் பெண்தான் பொறுப்பார்? இறைச்சி வெட்டும்போது பயன்படுத்தும் பெரிய முட்கரண்டியை ஓங்கி அவரைத் துரத்தினார் மேரி. பின்னர் டாக்டர் ஜோசபின் பேக்கர் என்னும் பெண் மருத்துவர் காவலருடன் வந்தார். ஒளிந்திருந்த மேரியைப் பிடித்து வண்டியிலேற்றி, மருத்துவமனை சேரும் வரை அவர்மேல் அமர்ந்து செல்ல நேர்ந்தது. சோதனையில் கிருமி உறுதியாயிற்று.

நார்த் பிரதர் தீவில் தனிக்குடிலொன்றில் அவரை அடைத்தனர். வழக்கில்லை, தீர்ப்பில்லை, தண்டனைக் காலமும் இல்லை. அங்கு எடுத்த 163 மாதிரிகளில் 120-இல் கிருமி இருந்தது. அவர் தாமாக வேறு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பியவற்றிலோ இல்லை என்று முடிவு வந்தது. உடல்நலம் குன்றாத தமக்கு நோயென்பதை அவர் நம்பவேயில்லை. பித்தப்பையை நீக்கச் சொன்னபோது மறுத்தார். அந்நாளில் அவ்வறுவை உயிருக்கே ஆபத்தானது. 1909-இல் விடுதலை கேட்டு நீதிமன்றம் சென்றும் தோற்றார்.

1910-ஆம் ஆண்டு பிப்ரவரியில், நகரச் சுகாதார ஆணையர் எர்னஸ்ட் லெடர்லே அவரை விடுவித்தார். இனிச் சமைப்பதில்லை என்பதே நிபந்தனை. இந்த லெடர்லே நிறுவிய ஆய்வுக்கூடத்தில்தான், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் பிற்காலத்தில் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

விடுதலை பெற்ற மேரி துணி வெளுத்தார். சமையலில் பெற்ற ஊதியம் அதில் கிட்டவில்லை. கைத்தொழிலைப் பறித்தவர்கள் அதற்கு ஈடான பிழைப்பைத் தரவில்லை. சில ஆண்டுகளில் மேரி பிரவுன் என்னும் பொய்ப்பெயருடன் அவர் மீண்டும் கரண்டி பிடித்தார். 1915-இல் நியூயார்க்கின் சுலோன் மகப்பேற்று மருத்துவமனையில் இருபத்தைவருக்கு டைபாய்டு கண்டது, இருவர் இறந்தனர். சமைத்தவர் மேரி.

இம்முறை அவர் செய்தது குற்றமே. தாய்மாரும் சேயரும் இருக்குமிடத்தில் வாக்கை மீறிச் சமைத்ததை எவ்வாறு பொறுப்பது? மீண்டும் அதே தீவு. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் இறக்கும் வரை இருபத்து மூன்று ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. பிற்பகுதியில் தீவின் ஆய்வுக்கூடத்தில் பணி கிடைத்தது. பக்கவாதம் அதையும் பறித்தது. இறுதிச் சடங்கிற்கு வந்தோர் ஒன்பதின்மர்.

அந்நகரில் அவரைப் போன்று கிருமி சுமந்தோர் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டனர். அவரினும் மிகுதியானோர்க்கு நோய் பரப்பியவரும் இருந்தனர். அவர்களுள் வாழ்நாள் முழுதும் இவ்வாறு அடைபட்டவர் மேரி ஒருவரே. ஏழை, அயலவர், துணையற்ற பெண் என்பனவும் அவருடைய குற்றங்களாயின போலும்!

அவர் மறைந்து பத்தாண்டுகளில், 1948-இல், குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து மலாயாவில் டைபாய்டு நோயாளிகளைக் குணப்படுத்தியது. 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த புதுவகைத் தடுப்பூசி நம் ஐதராபாத்திலும் உருவாகிறது. உணவு கையாள்வோர் ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை செய்துகொள்ளவும், குடற்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் நம் நாட்டு விதிகள் கூறுகின்றன. ஆயினும் மருந்துக்கு மடங்காத டைபாய்டுக் கிருமிகள் பெருகிவருகின்றன. நோய் நம்மை விட்டு நீங்கவில்லை.

செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்திற்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டிய படாளம் என் ஊர். என் தாயார் கலியாணச் சமையலுக்குச் செல்பவர். ஒரு மார்கழியில் டைபாய்டில் படுத்து எழுந்தபோது, சோதனை முடிவுகள் தெரியும் வரை சமையலில் கைவைக்க வேண்டாம் என்றார் மருத்துவர். வந்தது தை மாதம். முகூர்த்தங்கள் நிறைந்த காலம். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அக்கூலியில்தான். ஒருவருக்கும் தெரியாதென்று போய்விடலாமா என்று அம்மா ஒருநாள் இரவெல்லாம் விழித்திருந்தார். மறுநாள் உடன் சமைக்கும் அத்தைமாரிடம் உண்மையைச் சொன்னார். அவர்கள் அவரை விலக்கவில்லை. சாமான் பட்டியல் எழுதும் பொறுப்பை அவரிடம் தந்து, கூலியில் குறையாமல் பங்கும் கொடுத்தனர். மூன்று சோதனைகளிலும் கிருமியில்லை என்று வந்தபின்னரே அம்மா கரண்டியைத் தொட்டார்.

மேரி மாலனுக்குக் கிட்டாதது அந்தப் பட்டியல் எழுதும் வேலைதான். கை கழுவுவதும் நீரைக் காய்ச்சுவதும் நம் கடமை. நோயைச் சுமப்பவரிடம் உண்மையை எதிர்பார்க்கும் சமுதாயம், அவர் உண்மை சொன்னபின்னும் உண்டு வாழ வழிசெய்தல் அதனினும் பெரிய கடமையாகும்.