ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்

அமெரிக்கக் கவிஞராகிய ஹோம்ஸ் 1809ஆம் ஆண்டிற் பிறந்து, 1829இல் ஹார்வர்டு கலாசாலையிற் பட்டம் பெற்றார். பிரசவ ஜுரம் வைத்தியர் வழியாகவே பரவுகின்றதென 1843இல் எழுதி, பெரிய வைத்தியர் சிலரின் ஏளனத்துக்கு ஆளான வைத்தியரும் இவரே. அது நிற்க.

உடன் கற்றோர்க்கு இவர் ஆஸ்தான கவி. அவர்கள் ஆண்டுதோறும் கூடும் விருந்துக்கென 1851 முதல் பாட்டெழுதி வந்தார். முதலில் நகை மிகுந்த பாட்டுக்கள். தலை நரைக்க நரைக்க, மறைந்தோர் நினைவும் அவற்றிற் புகுந்தது. கணித வல்லுநர் பெஞ்சமின் பீர்ஸ் 1880இல் இறந்தார். போதகர் ஜேம்ஸ் பிரீமன் கிளார்க் 1888இல் இறந்தார். மறு ஆண்டு எழுதிய பாட்டே கடைசி. பாடுவார் இருந்தும் கேட்பார் அருகினால் யாது செய்வது?

ஹோம்ஸ் 1894இற் காலமானார். தேசபக்திப் பாட்டொன்றாற் புகழ்பெற்ற உடன்மாணாக்கர் சாமுவேல் ஸ்மித் பின்னும் ஓராண்டு உயிர்தரித்திருந்தார்.